நண்டு வளைக்கு இரண்டு வாசல்

காற்றுவாயில் துண்டு அடைத்திருந்தது.

வினிதா மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில், தரைப்பலகையின் ஓரத்தில், காற்று மேலே வருவதற்காக அவள் விட்டிருந்த ஒரு முழத் திறப்பு. அதன் மரச்சட்டங்களுக்கு நடுவே பச்சைக்கரைத் துண்டு ஒன்று இறுக்கமாகச் சுருட்டிச் செருகப்பட்டிருந்தது. துண்டு மாமனாருடையது. செருகிய கை மாமியாருடையது. ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவதுபோல ஒரு மூலைகூட வெளியே தெரியாமல் அடைத்திருந்தார்.

சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி முப்பத்தைந்து காட்டியது. வெளியே முப்பத்தேழு. முப்பதைத் தாண்டாது என்று குடும்பத்தார் அத்தனை பேர் முன்னாலும் அவள் சொல்லியிருந்த அறை இது.

துண்டை உருவினாள். கீழே ஈரமணலைத் தொட்டுக்கொண்டு காத்திருந்த காற்று அவளுடைய கணுக்காலைத் தொட்டு மேலே ஏறியது. உச்சியில், புகைபோக்கிபோலக் கூரையைத் துளைத்து நின்ற கறுப்புத் தகரக் கூண்டு மெல்ல முனகியது. அவளுக்கு அந்தச் சத்தம் குழந்தை மூச்சுவிடுவதுபோலக் கேட்கும்.

"அத்தே!"

பங்கஜவல்லி கையில் ஊதுபத்தியோடு உள்ளே வந்தார். "அடடே, எப்பம்மா வந்தே? மோர் குடிக்கிறியா?"

"இத யாரு அத்தே அடச்சது?"

"அதுவா... தூசி வருதும்மா."

"அடியில ஈரமணல்தானே கொட்டியிருக்கு? ஈரத்துலேருந்து எப்படித் தூசி வரும்?"

"பூச்சியும் வருது," என்றார் பங்கஜவல்லி, ஊதுபத்தியை நான்காவது மூலையில் செருகியபடி. மற்ற மூன்று மூலைகளிலும் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. வாசற்படியில் சாம்பிராணித் தட்டு வேறு.

"இன்னிக்கு என்ன விசேஷம், இத்தனை புகை?"

"திங்கக்கிழமைல்ல."

வெளித் தாழ்வாரத்தில் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த வைத்தியலிங்கம் தொண்டையைச் செருமினார். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். எதையும் அறிக்கை மாதிரிதான் சொல்வார். "வினிதாம்மா, வெள்ளிக்கிழமை நீலகண்டன் வர்றாரு. ஏசி மாட்டறதுக்கு."

வினிதாவுக்குக் கையிலிருந்த துண்டு கனத்தது.

"ஏன் மாமா? இந்த ரூம்ல சூடா இருக்கா?"

"சூடுன்னு சொல்லல. வர்றவங்க எதிர்பாப்பாங்க."

ஏசி மாட்டினால் அறையை அடைக்க வேண்டும். கீழே காற்றுவாயையும், மேலே கூண்டையும் பூசி மூட வேண்டும். தோப்பில் இன்னும் ஐந்து வீடுகளுக்கு, அவற்றைத் தாங்கும் கால்கள் மட்டும் நடப்பட்டு நிற்கின்றன. முதல் வீடு மூடப்பட்டால் மற்ற ஐந்தும் கண்ணாடி போட்ட பெட்டிகளாகத்தான் எழும். அவள் கட்டிய முதல் கட்டடம் வெள்ளிக்கிழமையோடு மூச்சை நிறுத்திவிடும்.

இந்தச் சவுக்குத் தோப்பு, பக்கத்து ஊரான நெரவியைச் சேர்ந்த வைத்தியலிங்கத்துக்குத் தாய்வழி வந்தது. காரைக்கால்மேட்டுக்கு வடக்கே, கடற்கரைக் கட்டட விதிப்படி கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு இங்கே விருந்தினர் தங்க ஆறு சிறு வீடுகள் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. உறவுக்காரர்கள் ஆளுக்கொரு படம் அனுப்பினார்கள். எல்லாவற்றிலும் நீலக் கண்ணாடி. மருமகள் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

அது நண்டு வளையின் அச்சு. புதுச்சேரியில் கட்டடக்கலை படித்தபோது, இறுதி ஆண்டு ஆய்வுக்காக அவள் கடற்கரை நண்டு வளை ஒன்றில் சுண்ணச் சாந்தைக் கரைத்து ஊற்றி, உறைந்ததும் தோண்டி எடுத்திருந்தாள். கவட்டைக் கம்பு மாதிரி இருந்தது. மேலே இரண்டு வாசல்கள், கீழே ஒரே அறை. "மேல மணல் கால் வைக்க முடியாம கொதிக்கும் மாமா. ஆனா நண்டு கீழ குளிர்ச்சியா உக்காந்திருக்கும். கீழ இருக்கற ஈரமும் நிழலும்தான் அதுக்கு ஏசி. நம்ம வீட்டுக்கும் ரெண்டு வாசல் வைப்போம். ஒண்ணு தாழ, ஒண்ணு உசர. உசரத்துல இருக்கறது வெயில்ல சூடாகி உள்காத்த மேல இழுக்கும். தாழ இருக்கறது நிழல் காத்தக் கொண்டு வரும்." வீடு தரையில் உட்காராமல், விழுதுகளை ஊன்றி நிற்கும் தாழைபோலக் கால்களில் நிற்கும் என்றாள். அதனால் புயல் தண்ணீர் வந்தாலும் அடியில் ஓடிவிடும்.

வைத்தியலிங்கம் அந்தக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு வீடு கட்டு. நானும் உன் அத்தையும் ஒரு வாரம் தங்கிப் பாக்குறோம். நல்லா இருந்தா ஆறும் இப்படியே," என்றார்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்காலில் அறை கிடைக்காது. முதல் விருந்தினருக்கு அந்த நாளைக் குறித்திருந்தார்கள். அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. தங்கிப் பார்க்கும் வாரத்தின் நான்காம் நாள்தான் இந்தத் துண்டு.

மாலையில் கார்த்திகேசன் மின்துறை அலுவலகத்திலிருந்து நேராகத் தோப்புக்கு வந்து அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டான். கல்யாணமாகி ஒன்றரை வருடம். காதல் கல்யாணம். புதுச்சேரிப் பேருந்தில் எட்டு மாதம் பக்கத்து இருக்கைகளிலேயே பேசி முடிவான விஷயம்.

"கார்த்தி, என் வீடு நல்லா இல்லையா?"

அவன் காலிச் சாலையில் ஹாரனை அழுத்தினான்.

"உன்னைத்தான்."

"ஹெல்மெட்ல சரியா கேக்கல, வினி."

"நேத்து இதே ஹெல்மெட்டோட பின்னாடிலேருந்து பஜ்ஜின்னு மெல்லச் சொன்னேன். வண்டி தானா நின்னுச்சு."

அவன் சிரித்தான். பிறகு வேகத்தைக் குறைத்தான். "வீடு ரொம்ப நல்லா இருக்கு. சத்தியமா."

"அப்ப ஏன் துண்ட அடைக்கிறாங்க? நீ நேத்து மத்தியானம் அங்கதானே சாப்பிட்ட? ஜன்னலையெல்லாம் மூடிட்டு வேர்க்க வேர்க்க உக்காந்திருந்தீங்களாம். ஆசாரி மதியழகன் சொன்னாரு."

"அம்மாவுக்குக் காத்து ஒத்துக்கல போல."

"நெரவி வீட்டுல மொட்டை மாடியில படுக்கறவங்களுக்குக் காத்து ஒத்துக்கலையா?"

அவன் மறுபடியும் ஹெல்மெட்டுக்குள் போய்விட்டான். நெரவி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அவளுக்கு அதே யோசனைதான். திட்டினால்கூடத் திருப்பிக் கேட்கலாம். இவர்கள் மோர் கொடுக்கிறார்கள், தட்டில் இரண்டாவது அப்பளம் வைக்கிறார்கள், ஆனால் கட்டடத்தை மட்டும் மூடப் போகிறார்கள். இந்த அன்புக்கு எந்தப் பக்கம் கதவு என்றே அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அவள் அம்மா அஞ்சுகம் தோப்புக்கு வந்தாள். இடுப்பில் எவர்சில்வர் தூக்கு, அது நிறைய இறால். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளும் கரையில் கருவாடு காயப்போடவும் புரட்டவும் அள்ளவும் சரியாக இருந்ததால், மகள் கட்டிய வீட்டை அவள் முழுதாகப் பார்ப்பதே இப்போதுதான்.

"என்ன சம்பந்தி, கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி பொகஞ்சிகிட்டு இருக்கு?" என்றபடி படியேறினாள்.

"வாங்க வாங்க சம்பந்தி," என்று பங்கஜவல்லி எழுந்து வந்தார். ஆனால் அவர் முகத்தில் ஒரு பதற்றம்.

அஞ்சுகம் அறைக்குள் கால் வைத்தாள். மூக்கை இரண்டு முறை உறிஞ்சினாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடி ஆத்தி! நம்ம சரக்குல்ல உள்ள வருது!"

"எது?" என்றாள் வினிதா.

"எதுவா? கருவாடுடி. அதுவும் முந்தாநாள் போட்ட சாளை. மேல காஞ்சி, அடியில மணல் ஈரம் ஏறிக் கெடக்கு. நல்லாக் காஞ்ச கருவாடு இப்படி வராது. இது பாதிதான் காஞ்சது." குனிந்து காற்றுவாய்க்குப் பக்கத்தில் கையை நீட்டினாள். "இந்த ஓட்டை நல்லா இழுக்குதே! கரையில என் பக்கத்துல நின்னாக்கூட இவ்வளவு வராது. அள்ளிக்கிட்டு வருது!"

வினிதா மூச்சை ஆழமாக இழுத்தாள். மர எண்ணெய் வாசம் வந்தது. சாம்பிராணி வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

"ஒனக்கு எங்க தெரியும்? தொட்டில்லயே அதக் குடிச்சி வளந்தவ. எனக்கு மோந்து பாக்கறதுதான் பொழப்பு, அதனால தெரியுது."

பங்கஜவல்லி கையைப் பிசைந்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சம்பந்தி. நல்ல கடல் காத்துதான் வருது. எனக்குத்தான் சளி..."

"ஏங்க, நாறுதுன்னா நாறுதுன்னு சொல்லுங்களேன்! நான் என்ன அங்க மல்லியப்பூவா காயப்போட்டிருக்கேன்? இவ போன்ல சொன்னப்பப் புரியல. இதுக்குத்தானா நாலு நாளா துண்ட அடச்சிகிட்டு ரெண்டு பேரும் உள்ள வெந்துகிட்டுக் கெடந்தீங்க?"

'நாறுது' என்ற சொல் வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் வைத்தியலிங்கம் செய்தித்தாளை மடித்தார். வகுப்பில் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைக் கேட்டவர் மாதிரி.

வினிதா படியில் போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். காற்று எந்தத் திசையில் எந்த வேகத்தில் வருகிறது என்று வீடு எழும்பிய நாட்களில் மணிக்கு மணி எழுதிய அட்டவணை. முதல் பக்கம் ஏப்ரல் இருபது. கடைசிப் பக்கம் ஜூன் பன்னிரண்டு. அத்தனை நாளும் தடைக்காலத்துக்குள். அப்பா அம்பலவாணன் கடலுக்குப் போகாமல் சும்மா இருந்ததால்தான் காற்றுமானிக் கம்பைப் பிடிக்க ஆள் கிடைத்தது. அவருக்கு லீவு, வலைக்கு லீவு, அம்மாவின் கருவாட்டுக்கும் லீவு. அறுபத்தொரு நாள் கரை வெறும் மணலாகக் கிடந்தது. அந்த வெறும் மணல்மேல் வந்த காற்றை அளந்துவிட்டு, இதுதான் இந்த ஊர்க் காற்று என்று எழுதியிருக்கிறாள். தடைக்காலம் எந்தத் தேதி தொடங்கி எந்தத் தேதி முடியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள்.

மத்தியானம் ஒரு மணிக்குமேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். அந்தக் கோட்டில்தான் அவள் காற்றுவாயை வைத்தாள். அதே கோட்டில்தான், இருநூறு அடி தள்ளி, அம்மாவும் மற்ற எட்டுப் பெண்களும் கருவாடு உலர்த்தும் மணல்.

கல்லூரி விடுதியில் முதல் வாரம் அறைத்தோழி ஒருத்தி அவளுடைய பையைத் தூக்கி வராந்தாவில் வைத்தது ஞாபகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து ஐந்து வருடம் துணிகளுக்கு நடுவே சோப்புக்கட்டி வைத்துத்தான் எடுத்துப் போவாள். பிறருடைய மூக்கைப் பற்றி அவ்வளவு பயந்தவள், தன் மூக்கைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

போன் செய்ததும் கார்த்திகேசன் அரைமணியில் வந்துவிட்டான். அவன் படியேறும் முன்பே அவள் கேட்டாள். "உனக்கும் தெரியுமா?"

அவன் தலை குனிந்தான்.

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? சொன்னா உங்கம்மாவச் சொன்ன மாதிரி ஆயிடும். நிச்சயத்தன்னிக்கு எங்க பெரியப்பா என்ன பேசினாருன்னு உனக்குத் தெரியாது. உங்க வீட்டுலேருந்து வண்டியில ஏறினதுமே மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்த சொன்னாரு. நான் வண்டிய நிறுத்தி அவர எறக்கிவிட்டுட்டேன்."

"நாகூர் ரோட்டுல, வெயில்ல," என்று பங்கஜவல்லி சேர்த்துக்கொண்டார். "இன்னும் அவரு எங்களோட பேசறதில்ல."

"அன்னிக்கு அப்பா ஒரு உத்தரவு போட்டாரு. அந்த வார்த்த இனிமே நம்ம வீட்டுல யார் வாயிலேருந்தும் வரக்கூடாதுன்னு. போன மழையில சாக்கடை அடச்சுக்கிச்சே, ஞாபகம் இருக்கா? அப்பகூட அப்பா, 'இன்னிக்குக் காத்து ஒரு மாதிரி இருக்கு'ன்னுதான் சொன்னாரு."

அஞ்சுகத்துக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல மனுசங்கதான் போங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன் சம்பந்தி. எடத்த மாத்துன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்த மணல்ல எங்கம்மா காயப்போட்டா. வேற எங்கயும் எங்களுக்கு மணல் கெடையாது."

"நாங்க கேக்கவே இல்லீங்களே," என்றார் வைத்தியலிங்கம். "அதனாலதானே ஏசி."

வினிதா குறிப்பேட்டை மூடிவிட்டு எழுந்தாள். இவர்கள் அவளுடைய கட்டடத்தைக் கைவிடத் தயாராக இருந்தார்கள், அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தயாராக இல்லை.

"மாமா, உங்க எல்லார் மேலயும் எனக்கு இப்ப ரொம்பப் பிரியமா இருக்கு. கடுப்பாவும் இருக்கு. எங்க தப்புன்னு சொன்னாத்தானே சரி பண்ண முடியும்? என் வீட்டுக்கு மூச்சுவிடத் தெரியுது. பக்கத்துல யாரு இருக்காங்கன்னு பாக்காம விட்டுட்டேன். அது என் தப்பு, ஏசியால தீராது." திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "பாதி காஞ்சதுதான் இப்படி வரும்னியே, முழுசாக் காய எவ்வளவு நாள் ஆகும்?"

"வெயில் நல்லா இருந்தா மூணு நாள். அடி ஈரம்தான் சனியன். அதுக்குள்ள ஈ மொய்க்கும், நாய் இழுக்கும்."

"ஒரே நாள்ல காஞ்சா?"

"காஞ்சா ஒனக்குக் கோயில் கட்டறேன்."

"எனக்கு வேணாம். நான் உன் மீனுக்கு ஒரு வீடு கட்டறேன்."

"எம் மீனுக்கா? ஏசி போட்டா?"

இரண்டாவது வீட்டுக்கென்று செய்த தகரக் கூண்டு வந்து இறங்கித் தோப்பில் படுத்திருந்தது. அதைத்தான் அவள் கேட்டாள். வைத்தியலிங்கம் யோசித்தார். "வெள்ளிக்கிழமை நீலகண்டன் வருவாரு. வர்றவரைத் தடுக்க முடியாது, வார்த்தை கொடுத்துட்டேன். ஆனா அவரு சுவத்துல ஓட்டை போடறதுக்கு முன்னால, நீ செய்யறதச் செஞ்சு காட்டு."

அன்று சாயங்காலமே மதியழகன் ஆசாரியோடு மணலில் இறங்கினாள். சாரத்துக்கு வாங்கி மிஞ்சிய மூங்கில், சிமென்ட் மூட்டைகளை மூடியிருந்த பாலித்தீன் தாள், அப்பாவின் கிழிந்த வலைகள். கீழே ஓர் ஓரத்தில் கறுப்புச் சாயம் அடித்த தகரத் தகடு. வெயிலில் அது கொதிக்கும். அதன்மேல் நுழையும் காற்று சூடாகி, அடுக்கடுக்காகக் கட்டிய வலைகளின் ஊடே, மீனைத் தொட்டுக்கொண்டே ஏறி, உச்சியில் கூண்டு வழியாக வீட்டுக் கூரைகளுக்கெல்லாம் மேலே போய்விடும். மணலில் ஒரு மீன்கூடப் படாது. நண்டுக்கு இருக்கும் அதே இரண்டு வாசல்கள்தான். அங்கே குளிர்ந்த காற்று ஏறுகிறது, இங்கே சுட்ட காற்று.

மற்ற எட்டுப் பெண்களும் வேலையை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னடி அஞ்சுகம், ஒம் மவ ராக்கெட் விடப் போறாளா?" என்று கேட்டாள் அல்லி. அவள் அஞ்சுகத்துக்குப் பக்கத்து மணல்காரி.

"ஆமா. மொதல்ல ஒன்னத்தான் ஏத்தி விடுறதா இருக்கு," என்றாள் அஞ்சுகம்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் சாளையையும் காரப்பொடி மீனையும் கழுவி உப்புப் போட்டு வலைகளில் பரப்பிவிட்டார்கள். பாதி காய்ந்து கிடந்ததையும் மணலிலிருந்து அள்ளி மேல் அடுக்கில் போட்டார்கள். மேற்கிலிருந்து மேல்காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. வினிதா ஒவ்வொரு மணிக்கும் உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். பத்து மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. பதினொரு மணிக்குக் கூண்டின் வாயில் கட்டியிருந்த நூல் மேல்நோக்கி ஆடத் தொடங்கியது. மூன்று மணிக்கு ஒரு பக்கத் தாள் பிய்ந்து பறந்தது. மதியழகன் அதைத் துரத்திக்கொண்டு சவுக்கு வரைக்கும் ஓடினார். கார்த்திகேசன் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, மின்கம்பத்தில் கட்டுகிற மாதிரி கம்பியை முறுக்கி அதைத் திரும்பக் கட்டினான். அவன் முதுகு முழுக்க வியர்வை, கையெல்லாம் மீன் செதில்.

"மூக்கப் பிடிச்சுக்கலாம், தப்பில்ல," என்றாள் அவள்.

"ரெண்டு கையும் வேலையில இருக்கே," என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நீலகண்டன் கோவில்பத்திலிருந்து துளைபோடும் மெஷினோடு வந்தார். சுவரில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். "சார், போடவா?"

"கொஞ்சம் பொறுங்க. ஒரு மணிக்குக் காத்து திரும்பும். அதுவரைக்கும் உக்காருங்க," என்றார் வைத்தியலிங்கம்.

காற்றுவாயைத் திறந்து வைத்தார்கள். ஊதுபத்தி இல்லை, சாம்பிராணி இல்லை. அஞ்சுகம் தன் மணலில் தன் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றாள், தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே. வெப்பமானி முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தொன்றுக்கு இறங்கியது. ஒரு மணி தாண்டிச் சிறிது நேரத்தில் சவுக்கு இலைகள் இரைச்சலிட்டுத் திசை மாறின. கடற்காற்று வந்துவிட்டது. தரையிலிருந்து அது ஏறி அறைக்குள் நிறைந்தது.

வினிதா மாமியாரின் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். "அத்தே, எனக்கு இந்த வாசம் தெரியாது. உங்க மூக்குதான் எனக்கு மெஷின். எங்கம்மாவுக்காகப் பாக்காதீங்க, எனக்காகவும் பாக்காதீங்க. உள்ளது எதுவோ அதச் சொல்லுங்க."

பங்கஜவல்லி கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை இழுத்தார். கணவரைப் பார்த்தார். வைத்தியலிங்கம் தலையை அசைத்தார், உத்தரவைத் திரும்பப் பெறுகிறவர்போல.

"நாறுது," என்றார் பங்கஜவல்லி.

வினிதா அவர் கையை விட்டுவிட்டு எழுந்தாள்.

"இரும்மா, முழுசாச் சொல்ல விடு. கொஞ்சூண்டு நாறுது. புதன்கிழமை அது என் தலைமாட்டுல வந்து உக்காந்திருந்துச்சு. இன்னிக்கு வாசல்ல நிக்குது."

வைத்தியலிங்கம் சொன்னார்: "வாசல்ல நிக்கிறவங்கள வெரட்டற பழக்கம் நம்ம வீட்டுல கெடையாது."

பங்கஜவல்லி வாய்விட்டுச் சிரித்தார். ஒன்றரை வருடம் அடக்கி வைத்திருந்த சொல்லைச் சொல்லிவிட்ட நிம்மதியில் இன்னும் இரண்டு தடவை சொன்னார். "ஆமாங்க, கொஞ்சம் நாறத்தான் செய்யுது. குழம்புல வந்தா ரெண்டு வாய் சோறு கூட எறங்குது, இப்படித் தனியா வந்தா நாறுது. என்ன பண்றது?"

"மீதி எங்கேருந்து வருதுன்னு தெரியும் அத்தே. மத்த எட்டுப் பேரோடது இன்னும் மணல்லதான் கெடக்கு. அதுக்கும் கூண்டு போடணும்."

"நீலகண்டன் சார்," என்று திரும்பினார் வைத்தியலிங்கம். "உங்கள அலைய விட்டதுக்கு மன்னிக்கணும்..."

நீலகண்டன் காற்றுவாய்க்குப் பக்கத்தில் வெறும் பலகைமேல் காலை நீட்டி, துளைபோடும் மெஷினைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பாதீங்க," என்று கிசுகிசுத்தான் கார்த்திகேசன். "நமக்கு இதவிடப் பெரிய சர்ட்டிபிகேட் யாரு கொடுக்கப் போறா?"

அடுத்த ஒரு வாரத்தில் மணலில் மூன்று கூண்டுகள் நின்றன. அஞ்சுகத்துக்கு ஒன்று, அல்லிக்கு ஒன்று, இன்னும் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒன்று. மீதிப் பேர் "பொட்டிக்குள்ள காஞ்சா ருசி வருமா?" என்று இன்னும் மணலையே நம்பினார்கள். அஞ்சுகத்தின் முதல் அடுக்குக் கருவாடு ஒன்றரை நாளில் காய்ந்தது. ஒரே நாள் என்று சொன்னாயே என்று அவள் மகளை இன்றுவரை குத்திக் காட்டுகிறாள். இரண்டாவது வீட்டின் காற்றுவாயை வினிதா ஒரு முழம் வடக்கே தள்ளி வைத்தாள். குறிப்பேட்டில் ஜூலைக்கும் அக்டோபர் மழைக்கும் தையில் வரும் வாடைக்கும் புதுப் பக்கங்கள் பிரித்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் காற்றின் வேகத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்: அத்தை என்ன சொன்னார்.

மாங்கனித் திருவிழாவுக்கு முதல் நாள், திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். பெட்டிகளை வைத்துவிட்டு, குழந்தைகள் நண்டு வளையின் வெள்ளை அச்சைக் கையில் எடுத்து இரண்டு வாசல்களிலும் விரல் விட்டுப் பார்த்தார்கள். பெரியவள் கட்டிலுக்கு அடியில் புகுந்து, "அம்மா, இங்க தரையிலேருந்து ஜில்லுன்னு வருது!" என்று கத்தினாள்.

அவர்களுடைய அம்மா தாழ்வாரத்துக்கு வந்து காற்றை உள்ளிழுத்தாள். புருவத்தைச் சுருக்கினாள். "ஏங்க, இது என்ன வாசனை? லேசா ஏதோ..."

தண்ணீர்ச் சொம்போடு படியேறிக்கொண்டிருந்த வினிதாவின் கால் அப்படியே நின்றது. பழைய விடுதி வராந்தா ஒரு கணம் கண்முன் வந்து போனது. தாழ்வாரத்தின் மறுமுனையில் பங்கஜவல்லி மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். தோளில் அந்தப் பச்சைக்கரைத் துண்டு. அவர் திரும்பக்கூட இல்லை.

"அதுவா? கருவாடுங்க," என்றார், முடிச்சை இழுத்துக் கட்டியபடி. "எங்க சம்பந்தியம்மா காயப்போடறாங்க. மணலே படாத சரக்கு. திருவிழா முடிஞ்சு ஊருக்குப் போறப்ப ஒரு கிலோ கட்டித் தரச் சொல்லவா?"

வந்தவள் கொஞ்சம் தயங்கினாள். "நெத்திலி இருக்குமா?" என்று கேட்டாள்.